யூதத் தெரு தரும் பாடம்



காஸாவின் செய்தி வரும்போதெல்லாம் நம் இளைஞர்களின் இரத்தம் கொதிக்கிறது. கொதிக்கத்தான் வேண்டும். 2023 அக்டோபர் 7-ல் ஹமாஸ் நடத்திய தாக்குதலில் சுமார் 1,200 பேர் உயிரிழந்தார்கள். அதற்குப் பதிலடி என்ற பெயரில் இஸ்ரேல் அரசு காஸாவில் பல்லாயிரக்கணக்கானவர்களைக் கொன்று குவித்தது. அவர்களில் எத்தனை பெண்கள், எத்தனை குழந்தைகள்! இந்த அநியாயத்தைக் கண்டிக்காமல் இருக்க முடியுமா?

ஆனால் கோபத்தோடு கூடவே ஒரு கெட்ட பழக்கமும் கடைத்தெருவில் நுழைந்திருக்கிறது. ஏமாற்றும் வியாபாரியைச் சிலர் ‘யூதன்’ என்று திட்டுகிறார்கள். கந்துவட்டிக்காரனுக்கும் அதே பட்டம்தான். இஸ்ரேல் அரசு என்று சொல்ல வேண்டிய மேடையில் யூதர்கள் என்று முழங்குகிறார்கள். இது நியாயமா? சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

யூதர் யார் என்று அறிய நீங்கள் டெல் அவீவ் வரை போக வேண்டாம். உக்கடத்தில் பஸ் ஏறிப் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் கொச்சி வந்துவிடும். மட்டாஞ்சேரிக்கு மிளகும் ஏலமும் வாங்கப் போகும் நம் வியாபாரிகள் அங்குள்ள யூதத் தெருவை எத்தனையோ முறை கடந்திருப்பார்கள். அந்தத் தெருவின் கோடியில் 1568-ல் கட்டிய யூதப் பள்ளி நிற்கிறது. ஆம், பள்ளிதான்! மலையாளத்தில் மசூதியும் பள்ளி, சர்ச்சும் பள்ளி, யூதர்களின் ஜெப ஆலயமும் பள்ளி. பக்கத்திலேயே ராஜாவின் அரண்மனையும் கோயிலும் இருக்கின்றன. பள்ளிக்குள் தரை முழுவதும் சீனாவிலிருந்து கப்பலில் வந்த, கையால் வரைந்த நீலப்பூ ஓடுகள்.

அதற்கும் முந்தைய கதை ஒன்று உண்டு. சுமார் கி.பி. 1000-ல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகருக்குச் செப்பேடு எழுதிக் கொடுத்தான். வட்டெழுத்தில் எழுதப்பட்ட அந்தச் செப்பேடு 72 உரிமைகளைத் தருகிறது. அதில் வரும் ‘அஞ்சுவண்ணம்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். மேற்காசியாவிலிருந்து கடல் வழியாக வந்த வணிகர்களின் சங்கத்திற்கு அதுதான் பெயர். அதே சொல் பின்னாளில் தமிழகத்தில் முஸ்லிம் வணிகர்களைக் குறித்தது. தோப்பில் முஹம்மது மீரான் தம் நாவலுக்கு ‘அஞ்சுவண்ணம் தெரு’ என்றுதான் பெயர் வைத்தார். கி.பி. 849-ன் கொல்லம் செப்பேட்டில் சாட்சிகள் அரபு எழுத்திலும், பாரசீகர்களின் பஹ்லவி எழுத்திலும், ஹீப்ரு எழுத்திலும் அடுத்தடுத்துக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஒரே துறைமுகத்தில் தராசு பிடித்தவர்களின் வாரிசுகள் நாம்!

அவர்களுடைய கலை எப்படிப்பட்டது? நாம் அரபு எழுத்தில் தமிழ் எழுதி அரபுத்தமிழ் வளர்த்தோம். மலபார் முஸ்லிம்கள் மாப்பிளப்பாட்டு பாடினார்கள். கொச்சி யூதப் பெண்களோ தங்கள் வேதக் கதைகளையும் திருமண வாழ்த்துகளையும் மலையாளத்தில் பாட்டாகக் கட்டினார்கள். நோட்டுப் புத்தகங்களில் கையால் எழுதி, தாய் மகளுக்குக் கொடுத்தாள். ஆண்கள் இருக்கும் சபையிலேயே பெண்கள் பாடினார்கள். 2005-ல் ஜெருசலேமில் இந்தப் பாடல்கள் ‘கார்குழலி’ என்ற தொகுப்பாக, ஹீப்ரு மொழிபெயர்ப்போடு அச்சேறின.

அது ஏன் ஜெருசலேமில்? இஸ்ரேல் உருவான பிறகு, 1950-களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் அங்கே குடியேறிவிட்டார்கள். யானைக்கால் நோயைப் பரப்பிவிடுவார்கள் என்று சொல்லி, முதலில் இவர்களை ஏற்றுக்கொள்ளவே அந்த நாடு தயங்கியது! பிறகு பீர்ஷெபா நகரத்துக்கு அருகே நெவாதிம் போன்ற கிராமங்களைக் கொடுத்தது. வறண்ட மண்ணில் பாடுபட்டு விவசாயம் செய்தார்கள். இன்று அங்கே கொச்சி பாணியில் ஒரு ஜெப ஆலயமும், பழைய நினைவுகளைக் காக்கும் ஒரு மையமும் இருக்கின்றன. பேரப்பிள்ளைகள் பேசுவது ஹீப்ரு. பாட்டி எழுதிய மலையாள நோட்டைப் படிக்க அவர்களில் பலருக்குத் தெரியாது.

இனி அந்த பீர்ஷெபா நகரத்தைப் பாருங்கள். பல்கலைக்கழகம், அடுக்குமாடி வீடுகள், மொராக்கோவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் எத்தியோப்பியாவிலிருந்தும் வந்த யூதர்கள் என்று நவீன நகரமாக அது விளங்குகிறது. 1948 அக்டோபருக்கு முன்பு அதே ஊர் பிஃர் அஸ்ஸபா என்ற அரபு நகரம். இஸ்ரேல் படை கைப்பற்றியதும் அரபு மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். உதுமானியர் 1906-ல் கட்டிய பெரிய பள்ளிவாசல் அங்கே இன்றும் நிற்கிறது. ஆனால் தொழுகை கிடையாது! அதைத் தொழுகைக்குத் திறக்க வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். 2011-ல் உச்ச நீதிமன்றம், இஸ்லாமியக் கலாச்சார மியூசியமாக வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டது.

கொச்சியில் நடந்தது என்ன? அங்கே எஞ்சியிருந்த யூத மூதாட்டி சாரா கோஹன் பூவேலைத் துணிகள் விற்கும் கடை நடத்திவந்தார். 2019-ல் தம் 96-வது வயதில் இறக்கும்வரை அவரைத் தாயைப் போலக் கவனித்துக்கொண்டவர் ஒரு முஸ்லிம் வியாபாரி. அவர் காலத்துக்குப் பிறகும் கடையை மூடாமல் நடத்தியவர் அதே முஸ்லிம்தான். பீர்ஷெபாவில் தொழுகையைத் தடுத்தது ஓர் அரசு. மட்டாஞ்சேரியில் உறவைக் காத்தவர்கள் மனிதர்கள். அரசு வேறு, மனிதர்கள் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

கோவை சகோதரர்களே, இதை உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1997 நவம்பரில் நடந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். 1998 பிப்ரவரி 14-ல் வெடித்த குண்டுகள் 58 உயிர்களைப் பறித்தன. குண்டு வைத்தவர்கள் சிலர். சந்தேகத்தைச் சுமந்ததோ முழுச் சமுதாயம்! ‘கோட்டைமேடா?’ என்று கேட்டவுடன் வாடகை வீடு இல்லை என்ற காலம் நினைவிருக்கிறதா? அன்று நாம் என்ன கேட்டோம்? சிலர் செய்த குற்றத்தை எல்லோர் தலையிலும் கட்டாதீர்கள் என்றுதானே! அந்த நியாயத்தை நமக்குக் கேட்டுவிட்டு யூதர்களுக்கு மறுத்தால், நம் தராசில் இரண்டு எடைக்கல் இருக்கிறது என்று பொருள்.

ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை உங்களை நீதி தவறச் செய்ய வேண்டாம் என்பது திருமறையின் கட்டளை (5:8). ஒரு யூதரின் ஜனாஸா கடந்து சென்றபோது நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அதுவும் ஓர் உயிரல்லவா என்று கேட்டார்கள். 2023 அக்டோபர் 27-ல் நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் போர் நிறுத்தம் கேட்டு உட்கார்ந்து, நூற்றுக்கணக்கில் கைதானவர்களும் யூதர்களே. அவர்களையும் சேர்த்தா நாம் சபிப்பது?

எனவே இளைஞர்களே! நோட்டீஸில், போஸ்டரில், மேடையில் குற்றவாளியின் பெயரைச் சரியாக எழுதுங்கள்: இஸ்ரேல் அரசு, அதன் இராணுவம், அதற்கு ஆயுதம் கொடுப்பவர்கள். வியாபாரிகளே! ‘யூதன்’ என்ற சொல்லை வசவாக உங்கள் கடையில் யார் சொன்னாலும் அப்போதே தடுத்து நிறுத்துங்கள். அடுத்த முறை கொச்சிக்குச் சரக்கெடுக்கப் போகும்போது, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பள்ளியைக் காட்டுங்கள். பலஸ்தீனத்துக்காக நாம் எழுப்பும் குரல் உலகின் காதில் ஏற வேண்டுமானால், அது நீதியின் குரலாக இருக்க வேண்டும்.