தொங்கும் மரம்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறிப் போன பிறகு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத் தோப்புகளில் தென்னைகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. தரையில் கிடந்தவை செத்த பாம்பு. பக்கத்து மாமரக் கவட்டையில் தலை சாய்த்துத் தொங்குபவை அடிபட்ட பாம்பு. தாங்கும் மரத்தை வெட்டுவதும், சாய்ந்த மரத்தில் ஏறி மட்டை கழிப்பதும் எமனுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுதான். இரு முனையிலும் தாங்கப்பட்டு நிற்கும் தண்டின் மேல்பக்கம் நெருக்குண்டும், அடிப்பக்கம் இழுபட்டும் இருக்கும். மேலிருந்து அறுத்தால் ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும். கீழிருந்து அறுத்தால் சட்டென்று பிளந்து இறங்கும். பாரம் போனதும் பாதி பெயர்ந்த தூர் விருட்டென நிமிர்ந்து பழைய குழியில் உட்காரும். அந்தக் குழியில் ஆள் நின்றால் அவ்வளவுதான். முதலில் மின்கம்பி உரசுகிறதா என்று பாருங்கள். உரசினால் மின்வாரியம் வரும்வரை கிட்டே போகாதீர்கள். பிறகு தூரில் வடம் கட்டி, மரத்தின் நீளத்தைவிட இருமடங்கு தூரத்தில் டிராக்டரை நிறுத்தி, மெல்லப் பின்னுக்கு இழுத்தால் தலை தானே நழுவி விழும். அன்று ஒரு தென்னைக்கு அரசு அறிவித்த 1,100 ரூபாயில் 500 வெட்டி அகற்றுவதற்கு. கிடக்கும் மரத்துக்கும் தொங்கும் மரத்துக்கும் ஒரே கணக்கா? டிராக்டர் வாடகைக்கு அரசு தனியாக ஒதுக்க வேண்டும். இல்லையென்றால் அரிவாளோடு ஏறுபவர் ஏறிக்கொண்டுதான் இருப்பார். போன மரத்துக்குக் கன்று வைக்கலாம், போன ஆளுக்கு?