பள்ளிக்கு ஏற்ற தொலைநோக்கி

தொலைநோக்கி வாங்க முற்படும் பள்ளிகளில் முதலில் எழும் கேள்வி, அது எத்தனை மடங்கு பெருக்கிக் காட்டும் என்பதே. உருப்பெருக்கத்தைக் கண்ணருகு வில்லையை மாற்றிக் கூட்டிவிடலாம். கருவி திரட்டும் ஒளியை அவ்வாறு கூட்ட இயலாது. அது முகப்பு வில்லை அல்லது ஆடியின் விட்டத்தைப் பொறுத்தது. 150 மில்லிமீட்டர் ஆடி, 60 மில்லிமீட்டர் வில்லையைவிட ஆறு மடங்குக்கு மேல் ஒளியைச் சேர்க்கிறது. பயன்தரும் பெருக்கத்தின் எல்லை, விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஏறத்தாழ இரண்டு மடங்கேயாகும். எனவே 60 மில்லிமீட்டர் கருவியின் பெட்டிமீது 500 மடங்கு என அச்சிடுவது வாங்குவோரை ஏய்ப்பதேயன்றி வேறன்று.

ஒரே விலையில் ஆடிக் கருவியே பெரிய விட்டம் தரும். மலிவான வில்லைகளில் காணும் நிறவிளிம்பும் அதில் இராது. ஆனால் ஆடிகளை அவ்வப்போது நேர்ப்படுத்தவேண்டும். கடலோர உப்புக்காற்றில் அதன் அலுமினியப் பூச்சு விரைவில் மங்கும். இவ்வேலையைக் கற்க ஆசிரியர் ஒருவர் முன்வரும் பள்ளிக்கு 150 மில்லிமீட்டர் ஆடிக் கருவியே தக்கது. அதனை, அமெரிக்காவில் ஜான் டாப்சன் 1960-களில் பரப்பிய எளிய மரத்தாங்கியில் அமைப்பது நலம். நடுங்கும் முக்காலியில் ஏற்றிய நல்ல வில்லையும் வீணே. வரிசையில் நிற்கும் மாணவர் தொட்ட மாத்திரத்தில் சனிக்கோள் பார்வையினின்று நழுவிவிடும்.

அத்தகைய ஆசிரியர் இல்லாத பள்ளி என்ன செய்வது? 80 மில்லிமீட்டர் வில்லைக் கருவியும் உறுதியான தாங்கியும் போதும். சிறிய கருவியென்று எள்ளற்க. அந்நாளைய வங்காளத்தின் ஜெஸ்ஸோரில் கருவூலப் பணியாளராயிருந்த ராதாகோவிந்த சந்திரர், 1912-இல் வாங்கிய 3 அங்குல வில்லைக் கருவியைக்கொண்டே மாறொளி விண்மீன்களைக் கணித்துவந்தார். அவர் உழைப்பை மதித்து, அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்கர் சங்கம் 1926-இல் 6 அங்குலக் கருவியொன்றை அவருக்கு அனுப்பியது. பெரிய கருவி வந்தது பின்னர். இடையறாத நோக்கு முன்னர். பெரிய கருவியை வாங்கி அலமாரியில் பூட்டிவைக்கும் பள்ளிகள் இவ்வரிசையைத் தலைகீழாக்குகின்றன.

மழைக்காலத்தில் வில்லையில் பூஞ்சணம் படியும். ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் பெட்டியில் வைத்தல் வேண்டும். தக்க வடிகட்டியின்றி ஞாயிற்றை நோக்கின் கண்ணொளி கெடும். பகலில் மாணவர் கையில் கருவியைத் தனியே விடலாகாது.

முகாம்தோறும் செல்லும் களப்பணியாளருக்குத் தொலைநோக்கியே தேவையில்லை. 7 மடங்கு பெருக்கமும் 50 மில்லிமீட்டர் விட்டமும் கொண்ட இருகண் நோக்கி தோட்பையில் அடங்கும். கார்த்திகை மீன்களும் மிருகசீரிடத்தின் ஒண்முகிலும் அதில் நன்கு புலப்படும். முழங்கையைச் சுவரில் ஊன்றிப் பிடித்தால் வியாழனின் துணைக்கோள்களையும் காணலாம்.