உஜ்தா – மக்னியா சாலையைத் திறவுங்கள்
மொராக்கோ, அல்ஜீரியா அரசுகளுக்கு எல்லைக் குடும்பங்களின் கோரிக்கைச் சாசனம்

மொராக்கோவின் உஜ்தாவிலிருந்து அல்ஜீரியாவின் மக்னியாவுக்குச் சுமார் முப்பது கிலோமீட்டர். 1994 ஆகஸ்டில் மராக்கேஷ் விடுதித் தாக்குதலை அடுத்து ரபாத் விசா விதித்தது. அல்ஜியர்ஸ் எல்லையையே மூடியது. அன்று அடைத்த சாலை இன்னும் திறக்கவில்லை. 2021 ஆகஸ்ட் 24 அன்று தூதரக உறவும் அறுந்தது. அடுத்த மாதம் வான்வழியும் போயிற்று. இப்போது அக்காள் வீட்டுக்குப் போகத் துனிஸ் வழியாகச் சுற்ற வேண்டியிருக்கிறது.

முதலில் துக்க வீட்டுக்கு வழி விடுங்கள். எங்கள் மார்க்கத்தில் மய்யித்தை வைத்துக்கொண்டு காத்திருப்பதில்லை. காலையில் மவுத்தானால் பெரும்பாலும் அஸருக்குள் அடக்கிவிடுவோம். துனிஸில் விமானம் மாறி வரும் மகனுக்குத் தாயின் கபுரில் மூன்று பிடி மண் போடக்கூடக் கொடுத்துவைப்பதில்லை. மரணம், கடும் நோய், திருமணம் ஆகிய மூன்றுக்கும் ஸூஜ் பெகால் எல்லைச்சாவடியை உடனே திறக்க வேண்டும். 2024 செப்டம்பரில் அல்ஜீரியா மீண்டும் கொண்டுவந்த விசா இந்தப் பயணங்களைத் தடுக்கக் கூடாது. உறவு அறுந்தபோதும் துணைத் தூதரகங்கள் இயங்கும் என்றுதான் சொல்லப்பட்டது. அன்றன்றே அனுமதிச் சீட்டு தரும் பொறுப்பை அவற்றிடம் கொடுங்கள். 2023 மொராக்கோ நிலநடுக்கத்தின்போது நிவாரண விமானங்களுக்கு வான்வழியைத் திறக்க அல்ஜீரியா முன்வந்தது. மனம் இருந்தால் ஒரே நாளில் முடிகிற காரியம் இது.

மேற்கு சகாரா விவகாரம் தீரட்டும் என்ற பதிலை ஏற்க மாட்டோம். அதனால் 1976இல் முறிந்த உறவு, அது தீராமலேயே 1988இல் மீண்டது. மறு ஆண்டே மராக்கேஷில் அரபு மக்ரிப் ஒன்றியம் உருவானது. மன்னர் இரண்டாம் ஹசனும் அதிபர் ஷாத்லி பென்ஜதீதும் செய்ததைத்தான் மன்னர் ஆறாம் முகமதுவிடமும் அதிபர் தெப்பூனிடமும் கேட்கிறோம்.

மொராக்கோவின் ஃபிகிக் விவசாயிகள் 2021 மார்ச்சில் அல் அர்ஜா பேரீச்சந்தோப்புகளை இழந்தார்கள். 1972 எல்லை ஒப்பந்தப்படி அந்த நிலம் அல்ஜீரியாவைச் சேர்ந்ததாகவே இருக்கட்டும். மரங்களை வளர்த்தவர்கள் இவர்கள். அறுவடைக்குப் போய்வர விடுங்கள், இல்லையேல் இரு அரசும் சேர்ந்து இழப்பீடு கொடுங்கள். 1975 டிசம்பரில் அல்ஜீரியாவிலிருந்து வெளியேற்றப்பட்ட மொராக்கோ குடும்பங்களின் சொத்துகளையும், மொராக்கோவில் அல்ஜீரியர் இழந்த நிலங்களையும் ஒரே கூட்டு ஆணையம் விசாரிக்க வேண்டும்.

சயீதியா கடலில் 2023 ஆகஸ்டில் ஜெட்ஸ்கியில் எல்லை தாண்டியவர்களில் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வழி தவறியவரை இனி எவரும் சுடக் கூடாது.

வருகிற ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் இரு நாட்டு அதிகாரிகளும் ஸூஜ் பெகாலில் நேரில் கூடி, சாவடி திறக்கும் நாளை அறிவிக்க வேண்டும்.