பெயரை அழித்தால் போதுமா?

2007இல் மன்னார் மாவட்டத்தின் முள்ளிக்குளத்து மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஊரில் கடற்படை முகாம் அமைந்தது. தொடர் போராட்டத்துக்குப் பிறகு 2017 ஏப்ரலில்தான் 100 ஏக்கரை விடுவிப்பதாகக் கடற்படை ஒப்புக்கொண்டது.

இத்தகைய ஊர்களைத் தேடி ஆய்வாளர்கள் வருவது இயல்பு. காணி, இழப்பு, வருமானம் என்று கேள்விகள் நீளும். பதில்கள் கூகுள் படிவத்திலோ கோபோ டூல்பாக்ஸ் என்ற கணக்கெடுப்புக் கருவியிலோ பதிவாகி, சொன்னவருக்குத் தெரியாத ஏதோவொரு சேவையகத்தில் போய்ச் சேரும்.

"பெயரை நீக்கிவிட்டோம்" என்பார்கள். பிறந்த தேதி, பால், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றைக் கொண்டே அமெரிக்கர்களில் 87 சதவீதத்தினரைத் தனித்து அடையாளம் காணலாம் என்று கணினியியல் ஆய்வாளர் லதான்யா ஸ்வீனி 2000இல் கணக்கிட்டார். எல்லோரும் எல்லோரையும் அறிந்த கரையோரக் கிராமத்தில் 'மூன்று பிள்ளைகள், கணவர் இல்லை' என்பதே போதும்.

ரகசியம் காப்போம் என்ற வாக்குறுதியும் சட்டத்தின் முன் நிற்காது. வட அயர்லாந்து ஆயுதக் குழுவினர் பேசிய ஒலிப்பதிவுகளை, அவர்கள் இறக்கும்வரை வெளியிடுவதில்லை என்ற உறுதியுடன் அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி காத்து வந்தது. 2011இல் பிரிட்டிஷ் காவல்துறைக்காக அமெரிக்க நீதிமன்ற அழைப்பாணை வந்தது. சில பதிவுகள் கைமாறின. போரின் வடு ஆறாத மன்னாருக்கு இது தூரத்துக் கதையல்ல.

இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. முக்கிய ஏற்பாடுகளின் அமுலாக்கம்தான் தள்ளிப்போனது. சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும்வரை பல்கலைக்கழக நெறிமுறைக் குழுக்கள் காத்திருக்க வேண்டியதில்லை. தரவு எந்த நாட்டில் தங்கும், யார் திறக்கலாம், எப்போது அழியும் என்பவை தமிழில் எழுதப்படாத சம்மதப் படிவத்தை அவை திருப்பி அனுப்பலாம். வீட்டின் ஜிபிஎஸ் புள்ளி எதற்கு என்றும் கேட்கலாம்.