எதிர்க்காற்றும் செம்மண் மேடும்

கடலூர்வாசிகள் மலை என்று சொல்லுகிற கேப்பர் மலையை, ஏற்காட்டுக்கோ உதகமண்டலத்துக்கோ ஒருதரம் போய்வந்தவர்கள் மலை என்று ஒப்புக்கொள்ளமாட்டார்கள். மத்திய சிறைச்சாலையும், சில குடியிருப்புகளும், அவற்றுக்கு அப்பால் முந்திரித் தோப்புகளும் பரவிக் கிடக்கிற அந்தச் செம்மண் மேட்டுக்கு அத்தனை பெரிய பட்டம் கிடைத்ததற்குக் காரணம், சுற்றிலும் உள்ள பூமியைக் கெடிலமும் பெண்ணையும் வெள்ளாறும் வண்டலைக் கொட்டிக் கொட்டிச் சமனாக்கி வைத்திருப்பதுதான். இப்படிப்பட்ட ஜில்லாவில் இருந்துகொண்டு, மலைப்பாதைகளுக்கென்றே பிரத்தியேகமாகச் செய்யப்பட்ட, எடை குறைந்த மின்சாரச் சைக்கிள் ஒன்றை ஓட்டிப் பார்த்து அபிப்பிராயம் எழுத ஒருவன் துணிந்தால், வாசகர்கள் புன்னகை செய்வது நியாயமே. ஆயினும், அந்த வண்டியின் குணதோஷங்கள் ஆல்ப்ஸ் மலைச்சாரலைக் காட்டிலும் திருவந்திபுரத்துச் சரிவிலும் கிள்ளைச் சாலையின் எதிர்க்காற்றிலும்தான் தெளிவாக வெளிப்படுகின்றன என்பதும், மின்சாரச் சைக்கிளைப் பற்றி நம் சர்க்காரும் வியாபாரிகளும் கொண்டிருக்கிற எண்ணம் அடிப்படையிலேயே பிசகானது என்பதும் என் கட்சி.

மலைச் சைக்கிளின் பூர்வோத்தரம் வேடிக்கையானது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்து மரின் வட்டாரத்தில், 1970-களில், சில இளைஞர்கள் பருமனான டயர் போட்ட பழைய சைக்கிள்களை லாரிகளில் ஏற்றி மலையுச்சிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கரடுமுரடான மண்பாதைகளில் உருண்டு இறங்குவதை விளையாட்டாகக் கொண்டிருந்தார்கள். 1976-ல் அவர்கள் தொடங்கிய பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர் வந்தது, ஓர் இறக்கம் முடிவதற்குள் பின்சக்கர பிரேக்கில் இருந்த கிரீஸ் வெந்து புகைந்து போக, மறுபடியும் புதிதாக அடைக்க வேண்டியிருந்ததால். இறங்குவதற்கு ஈர்ப்பு விசை இருந்தது. ஏறுவதற்கு லாரி இருந்தது. பிற்பாடு கியர்கள் பெருகி ஏற்றத்தை ஓரளவு சாத்தியமாக்கின என்றாலும், வாலிபர்களும் பயில்வான்களும் அல்லாத மற்றவர்களுக்கு அந்தப் பாதைகள் மின்சார மோட்டார் வந்த பிறகுதான் திறந்தன.

மோட்டார் வந்ததும், யந்திரங்களின் சரித்திரத்தில் எப்போதும் நடப்பதுதான் இங்கும் நடந்தது. வலிமை வேண்டும் என்று பெரிய மோட்டார் வைத்தார்கள். பெரிய மோட்டாருக்குப் பசி அதிகம் என்று பெரிய பேட்டரி வைத்தார்கள். அவ்விரண்டையும் தாங்குவதற்குச் சட்டமும் சக்கரமும் கனத்தன. கடைசியில் 22 முதல் 25 கிலோ வரை எடையுள்ள ஒரு வண்டி உருவாயிற்று. இதற்கு எதிர்வினையாகத்தான், ஏறக்குறைய 2020-லிருந்து, மேல்நாட்டுத் தயாரிப்பாளர்கள் வேறு மார்க்கத்தில் யோசிக்கத் தொடங்கினார்கள். பெரிய மோட்டார்களின் முறுக்குவிசை 85 நியூட்டன் மீட்டர் என்றால், இவர்கள் 35 முதல் 60 வரை போதும் என்று நிறுத்திக்கொண்டார்கள். பேட்டரியையும் ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தார்கள். எடை 16 முதல் 19 கிலோவுக்குள் வந்து நின்றது. நம்முடைய தகப்பனார்கள் கேரியரில் நெல்மூட்டையும் முன்தண்டில் குழந்தையுமாக ஓட்டிய பழைய கருப்புச் சைக்கிள் ஏறக்குறைய 20 கிலோ எடையுள்ளது என்பதை நினைத்துப் பார்த்தால், மோட்டாரும் பேட்டரியும் உள்ளடங்கிய ஒரு வண்டி அதைவிட இலேசாக இருப்பதன் விசேஷம் விளங்கும்.

எனக்கு ஓட்டக் கிடைத்தது, நண்பர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து தருவித்துக் கொண்டது. பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும். அதன் மோட்டார் பெடல்களின் அச்சிலேயே, கைப்பிடியளவில், மறைந்து கிடக்கிறது. மிதிக்கிற காலின் அழுத்தத்தை ஓர் உணரி அளந்துகொண்டே இருக்க, அழுத்தம் கூடினால் உதவி கூடுகிறது, குறைந்தால் குறைகிறது, கால் நின்றால் அதுவும் நின்றுவிடுகிறது. நம் ஊர்க் கடைகளில் விற்கிற மலிவான மின்சாரச் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் மோட்டார் பின்சக்கரத்தின் நடுவே இருக்கிறது. பெடல் சுற்றுகிறதா இல்லையா என்பது ஒன்றுதான் அதற்குத் தெரியும். ஆகவே மேடென்றும் பள்ளமென்றும் பாராமல் ஒரே சீராக அது தள்ளிக்கொண்டு போகும். சமதளச் சாலையில் இந்த வித்தியாசம் அதிகம் புலப்படாது.

புலப்பட்ட இடம் கேப்பர் மலை. திருப்பாதிரிப்புலியூரிலிருந்து திருவந்திபுரம் வரைக்கும் பாதை சாதாரணமானது, முகூர்த்த நாளாக இல்லாத பட்சத்தில். முகூர்த்த நாளென்றால் அங்குள்ள ஔஷதகிரிக் குன்றின் அடிவாரத்தில் எத்தனை ஜோடிகளுக்குக் கல்யாணம் நடக்கிறதோ அத்தனை ஜோடிகளின் பந்துக்களும் வேன்களிலும் கார்களிலும் வந்து வழியை அடைத்துக்கொண்டிருப்பார்கள். அங்கிருந்து செம்மண் மேட்டில் ஏறுகிற ஒற்றையடிப் பாதைகளில்தான் பரீட்சை தொடங்குகிறது. மேலே சரளைக்கற்கள், சரளைக்கு நடுவே மழைநீர் அறுத்துப்போட்ட ஓடைகள், தோப்புக்குள் நுழைந்துவிட்டால் காய்ந்த முந்திரிச் சருகு கனமாகப் படிந்து, அதன் கீழே மண்ணா வேரா என்று தெரியாத நிலை. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி கரையேறிய தானே புயல் இந்தப் பிராந்தியத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துப் போன பிறகு புதிதாக நட்டவையாகப் பல மரங்கள் இருப்பதனாலோ என்னவோ, கிளைகள் தாழ்ந்து நிற்க, ஓட்டுகிறவன் ஹேண்டில்பாரின்மேல் நன்றாகக் குனிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பின்சக்கர மோட்டார் வண்டிகளில் இப்படிப்பட்ட இடத்தில் சக்கரம் சருகின்மேல் வெறுமனே சுற்றும், அல்லது எதிர்பாராத தருணத்தில் முன்னுக்குத் தள்ளி ஓடையில் இறக்கிவிடும். இந்த இலேசான வண்டியோ காலின் தயக்கத்தைத் தானும் அறிந்துகொண்டு தயங்கியது. சருகு முடிந்து கெட்டித் தரை வந்ததும் காலோடு சேர்ந்து தானும் வலுத்தது. யாரோ பின்னாலிருந்து தள்ளுவதாக ஓரிடத்திலும் தோன்றவில்லை; இருபது வயதில் இருந்த கால்கள் திரும்ப வந்துவிட்டனவோ என்ற மயக்கந்தான் தோன்றியது. வியர்வைக்குக் குறைவில்லை, மூச்சும் வாங்கத்தான் செய்தது. ஆனால் இறங்கித் தள்ளவேண்டிய அவசியம் நேரவில்லை. ஓர் இடத்தில் ஓடை மிகவும் ஆழமாக அறுத்திருந்தபடியால் வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு அக்கரை சேர்ந்தேன். அதையே 25 கிலோ வண்டியோடு செய்திருந்தால் இந்தக் கட்டுரையை வேறு யாராவது எழுதவேண்டி வந்திருக்கும்.

ஆனால் என் மனத்தை மாற்றியது மேடு அல்ல, காற்று. சிதம்பரத்திலிருந்து கிழக்கே கிள்ளை வழியாகப் பிச்சாவரம் செல்லுகிற சாலையில் ஏற்றம் என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை, இருபுறமும் வயல், அதற்கப்பால் உப்பங்கழியும் சுரபுன்னைக் காடும். ஆனி, ஆடி மாதங்களில் காலையில் மேற்கேயிருந்து கச்சான் காற்று அனலாக வீசுகிறது. பிற்பகலில் அது அடங்கிக் கடலிலிருந்து கொண்டல் எழும்புகிறது. கிள்ளையிலிருந்து காலையில் புறப்பட்டுச் சிதம்பரத்தில் வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்புகிற ஒருவருக்கு, போகும்போதும் எதிர்க்காற்று, வரும்போதும் எதிர்க்காற்று. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் சைக்கிளுக்கு எதிரே அதே வேகத்தில் காற்று வீசினால், காற்றை வெல்லுவதற்கு மாத்திரம் அமைதியான நாளைவிட நான்கு மடங்கு சக்தி தேவைப்படுகிறது என்று பௌதிக சாஸ்திரம் கணக்குச் சொல்கிறது. திடகாத்திரமான மனிதன் மணிக்கணக்கில் தளராமல் தரக்கூடிய சக்தியோ சுமார் 75 முதல் 100 வாட். ஆகவே அந்தச் சாலையில் சைக்கிள் ஓட்டுகிறவர் நாள்தோறும் ஏறுவது கண்ணுக்குத் தெரியாத ஒரு மலையை. அதற்கு இறக்கம் மட்டும் கிடையாது.

இந்த மலைக்கு 85 நியூட்டன் மீட்டர் வேண்டியதில்லை. இதமான ஓர் உதவி, நெடுநேரம் கிடைத்தால் போதும். இவ்வகை வண்டிகளில் சாதாரணமாக வைக்கப்படுகிற 360 வாட் மணி பேட்டரி, ஒரு மனிதன் சுமார் நாலு மணி நேரம் மிதிப்பதற்குச் சமமான சக்தியைத் தன்னுள் வைத்திருக்கிறது; மின்சார வாரியத்தின் கணக்கில் அது மூன்றில் ஒரு யூனிட்டுக்குச் சற்று அதிகம். மின்சார வாகனமென்றால் புகையே இல்லை என்று எழுதுகிறவர்கள் இந்த ஜில்லாவிலேயே இருக்கிற நெய்வேலிக்கு வந்து, கடலூர் மணற்கல் என்று நிலவியலார் பெயரிட்ட பாறைக்கு அடியிலிருந்து பழுப்பு நிலக்கரியை வெட்டியெடுத்து எரிக்கிற புகைபோக்கிகளை ஒருதரம் அண்ணாந்து பார்ப்பது உசிதம். ஆனாலும், மூன்றில் ஒரு யூனிட்டுக்கு எழுகிற புகை சொற்பமே; ஸ்கூட்டர் தின்னுகிற மின்சாரத்தோடு அதை ஒப்பிடவே முடியாது.

இங்கே நம் தேசத்துச் சரித்திரம் ஒன்றை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1980-ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வெளிவந்தபோது அதற்குப் பெடல்கள் இருந்தன. கடலூர் துறைமுகத்தில் மீன்கூடை ஏற்றுகிறவர்களும், பண்ருட்டியில் பலாப்பழம் ஏற்றுகிறவர்களும், ஊர் ஊராகத் துணிமூட்டை கொண்டுபோகிறவர்களும் அந்த வண்டியால் அடைந்த நன்மையை யாரும் மறுக்கமுடியாது. ஆனால் அதன் பெடல்கள் வண்டியைக் கிளப்புவதற்கு மாத்திரமே உபயோகப்பட்டு, பிற்காலத்தில் முற்றாக மறைந்தும் போயின. எஞ்சின் காலுக்குத் துணையாக வந்து, காலை வேலையிலிருந்து நீக்கிவிட்டது. மின்சாரச் சைக்கிள் என்ற பெயரில் இன்று கடைகளில் நிற்கிற பல வண்டிகளும் அந்த வழியிலேயே போகின்றன: கைப்பிடியைத் திருகினால் ஓடுகின்றன, பெடல் இருப்பது சட்டத்தின் கண்ணுக்காக.

சட்டமும் இதற்கு இடங்கொடுக்கிறது. மோட்டாரின் அரைமணி நேரச் சக்தி 250 வாட்டுக்குக் குறைவாகவும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளாகவும், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மிகாமலும் இருந்தால், மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி அது மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. லைசென்ஸ், பதிவு எண் எதுவும் வேண்டாம். முதலிரண்டு வரம்புகளும் விவேகமானவை. அவற்றைத் தளர்த்தவேண்டும் என்ற கோரிக்கை எங்கிருந்து எழுந்தாலும் அதற்குச் செவிசாய்க்கக் கூடாது. மூன்றாவது வரம்புதான் எனக்கு விளங்கவில்லை. 60 கிலோ என்பது பழைய கருப்புச் சைக்கிள்கள் மூன்றின் எடை. பேட்டரி தீர்ந்து நடுவழியில் நின்றால், கொளுத்தும் வெயிலில் அதை மிதித்துக்கொண்டு ஆலப்பாக்கத்திலிருந்து கடலூர் வந்து சேரக்கூடிய மனிதன் யார்? பெடலை மட்டும் நம்பி ஓட்டமுடியாத ஒன்றுக்குச் சைக்கிளுக்குரிய சலுகை எதற்காக? மூன்று சக்கர வண்டிகளையும், உடல் ஊனமுற்றவர்களுக்கான வாகனங்களையும் தனி வகுப்பாக வைத்துக்கொண்டு, இருசக்கரச் சைக்கிளுக்கு 30 கிலோவை வரம்பாக விதித்தால், தயாரிப்பாளர்கள் தாமாகவே சிறிய மோட்டாருக்கும் நேர்த்தியான உணரிக்கும் திரும்பிவிடுவார்கள் என்பது என் அபிப்பிராயம்.

விலையைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. நான் ஓட்டிய வகை வண்டிகள் பல லட்ச ரூபாய் பெறுமானமுள்ளவை. கார்பன் சட்டமும், இரண்டு சக்கரங்களுக்கும் தனித்தனி அதிர்வுதாங்கிகளும் கொண்டவை. அவற்றைக் கடலூரில் வாங்கவேண்டும் என்று நான் சொல்லவரவில்லை; அது பைத்தியக்காரத்தனம். அதிர்வுதாங்கிகளில் பாதியும் கார்பன் முழுவதும் நமக்கு அநாவசியம். வேண்டியது அதன் மோட்டாரின் அடக்கமும் எடையின் சிக்கனமுமே. 1949-ல் அம்பத்தூரில் ஸ்தாபிதமான டி.ஐ. சைக்கிள்ஸ் முதலாக, எஃகுக் குழாயில் சைக்கிள் செய்து தேர்ந்த ஸ்தாபனங்கள் நம் ராஜ்யத்திலேயே இருக்கின்றன. அப்படிப்பட்டவர்கள் சாதாரண எஃகுச் சட்டத்தில், மிதியச்சில் சிறிய மோட்டாரும், கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோகக்கூடிய சிறிய பேட்டரியும், மூலைக்கடை சைக்கிள் ரிப்பேர்க்காரர் தம் ஸ்பேனரால் பிரிக்கக்கூடிய மற்ற பாகங்களும் கொண்ட வண்டியைச் செய்தால், அதை வாங்குகிறவர்கள் உல்லாசப் பிரயாணிகளாக மட்டும் இருக்கமாட்டார்கள். ஐம்பதைத் தாண்டிய ஆசிரியர்களும், முந்திரித் தோப்புக்கு வேலைக்குப் போகிற பெண்களும் இருப்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு சர்க்கார் கொடுக்கிற சைக்கிள்களில் மோட்டார் வைக்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால் மாத்திரம் நான் எதிர்ப்பேன். பதினாறு வயதுக் காலுக்கு உபகாரம் தேவையில்லை.

ஓட்டுவதற்குப் பாதைகள் புதிதாகப் போடவேண்டியதும் இல்லை. ஏரிக்கரைகளும் வாய்க்கால் கரைகளும் காலங்காலமாக இருக்கின்றன. வீராணத்துக் கரையைப் பற்றி எழுதுகிறவர்கள் வந்தியத்தேவனின் குதிரையைக் கூட்டிவராமல் விடுவதில்லை. நான் அதை லாயத்திலேயே விட்டுவிடுகிறேன். கரைகளில் கனரக வாகனங்கள் ஏறாதபடி தடுப்புக் கற்கள் நட்டு, நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் அவற்றை ஒதுக்கிவைத்தால் கரைக்கும் க்ஷேமம். பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டை மட்டும் விட்டுவிட வேண்டும். அந்தச் சேற்றில் எந்தச் சக்கரத்துக்கும் வேலையில்லை.

கடைசியாக, வாங்க உத்தேசித்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். வியாபாரிகள் பரீட்சார்த்தமாக ஓட்டிப் பார்க்கச் சொல்லுவது பெரும்பாலும் கடைவாசலிலிருந்து தெருமுனை வரையில்தான். முழுப் பேட்டரியோடும், காற்றில்லாத காலையிலும். சிதம்பரத்து நான்கு தேர் வீதிகளையும் அப்படிச் சுற்றி வந்தால் எந்த வண்டியும் உத்தமமாகவே தோன்றும். பிற்பகல் மூன்று மணிக்குமேல் போய், மோட்டாரின் விசையை முதலில் அணைத்துவிட்டு, கிழக்கு முகமாக ஒரு கிலோமீட்டராவது மிதித்துப் பார்க்கவேண்டும். பிறகு வண்டியைத் தூக்கிக் கடையின் படிகளில் ஏற்றிப் பார்க்கவேண்டும். விசையைப் போடுவது அதற்கப்புறம் ஆகட்டும். இதற்கெல்லாம் சம்மதிக்கிற கடைக்காரராக இருந்தால், பேட்டரி அடியோடு தீர்ந்த பின்பும் கிள்ளையிலிருந்து சிதம்பரம் வரை இந்த வண்டியை மிதித்து வரமுடியுமா என்று கேட்டு, அவர் சொல்லுகிற பதிலைப் பில்லின் பின்புறத்தில் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.