இணையவழித் துன்புறுத்தலுக்கு ஆளானோரின் முதல் முறையீடு குறித்த கோரிக்கை மனு

பெறுநர்: உள்துறைச் செயலாளர் அவர்கள், தமிழ்நாடு அரசு, தலைமைச் செயலகம், சென்னை.
பிரதி: காவல்துறைத் தலைமை இயக்குநர் அவர்கள், சென்னை.
அனுப்புநர்: மாதர் சங்க நிர்வாகக் குழுவினர்.

பெருமதிப்புக்குரிய ஐயா,

செல்பேசி வழியாகவும் சமூக வலைத்தளங்கள் வழியாகவும் அவமானத்துக்கும் மிரட்டலுக்கும் ஆளாகி எங்கள் சங்கத்தை நாடி வருகிற பெண்களுக்குத் துணையாகக் காவல் நிலையங்களுக்குச் சென்று வந்ததில் நாங்கள் கண்டறிந்தது யாதெனில், குற்றவாளி இழைத்த தீங்குக்குச் சற்றும் குறையாத சங்கடத்தை முறையிடும் இடத்திலும் அவர்கள் அனுபவிக்க நேர்கிறது என்பதே. ஆதலால் புதிய சட்டம் ஒன்றை நாங்கள் யாசிக்கவில்லை. இருக்கிற சட்டம் புகார் கொடுத்த முதல் நாளிலேயே உயிர்பெற வேண்டுமென்று விண்ணப்பித்துக் கொள்கிறோம்.

2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அந்தரங்கப் படங்களைப் பரப்புவோரைத் தண்டிக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77, 78-ஆம் பிரிவுகள், மறைவில் படமெடுப்பதையும் இணையத்தில் பின்தொடர்ந்து தொல்லை தருவதையும் குற்றமாக்குகின்றன. இவ்விரு பிரிவுகளின் குற்றங்கள் பற்றிப் பாதிக்கப்பட்ட பெண் கூறும் தகவலைப் பெண் அதிகாரியே பதிய வேண்டும் என்றும், குற்றம் எந்த எல்லையில் நடந்திருப்பினும் தகவலை ஏற்க வேண்டும் என்றும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு விதிக்கிறது. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் எனில் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் லலிதா குமாரி வழக்கில் 2013-இலேயே தீர்ப்பளித்திருக்கிறது.

இத்தனையும் ஏட்டில் இருக்க, பெரும்பாலும் எங்கள் கைக்கு வருவது வழக்குப் பதியாமல் தரும் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றுதான். உள்ளூர் நிலையத்தார் சைபர் கிரைம் நிலையத்துக்கும், அவர்கள் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கும் கைகாட்ட, போகிற மேசைதோறும் அதே வரலாற்றைச் சொல்லி அதே படத்தைக் காட்டி, நான்காவது மேசையை அடையுமுன் பல பெண்கள் புகாரையே கைவிட்டு விடுகிறார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டக் குற்றங்களை இன்ஸ்பெக்டருக்குக் குறையாத அதிகாரியே புலனாய்வு செய்ய வேண்டும் என்ற விதியைச் சிலர் காரணமாகக் காட்டுகிறார்கள். புலனாய்வு வேறு, பதிவு வேறு என்பதை அவர்கள் அறியாதவர்கள் அல்லர்.

2025 ஜூலையில் ஒரு பெண்ணின் அந்தரங்கக் காணொளிகளை 48 மணி நேரத்துக்குள் அகற்ற நடவடிக்கை எடுக்குமாறு மத்திய அமைச்சகத்துக்கு உத்தரவிட்ட சென்னை உயர் நீதிமன்றம், ஆண் காவலர்கள் முன்னிலையில் அக்காணொளியில் இருப்பவரை அடையாளம் காட்டும்படி அப்பெண்ணையே கேட்டதைக் கண்டித்ததும் தங்களுக்குத் தெரிந்ததே.

இணைய மோசடியில் பணம் பறிபோனால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்கலாம். பணம் கைமாறுமுன் அதைத் தடுத்து நிறுத்த வங்கிகளும் காவல்துறையும் ஒரே ஏற்பாட்டில் இணைக்கப்பட்டிருக்கின்றன. இது பாராட்டத்தக்க ஏற்பாடு. ஆனால் பணத்துக்குக் காட்டும் அவசரத்தை மானத்துக்குக் காட்டாதிருப்பது எந்த நியாயத்தைச் சேர்ந்தது என்பது எங்களுக்கு விளங்கவில்லை. அந்தரங்கப் படங்களை அகற்றுவதற்கு 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் வலைத்தள நிறுவனங்களுக்கு 24 மணி நேரக் கெடு விதித்தன. எனினும் யாருக்கு, எவ்வாறு எழுதுவது என்பதறியாத ஒரு கல்லூரி மாணவிக்கு அந்தக் கெடுவால் என்ன பிரயோஜனம்?

ஆகவே, ஒவ்வொரு சைபர் கிரைம் நிலையத்திலும் இரவு பகலாக ஒரு பெண் அதிகாரி பொறுப்பிலிருந்து, வாக்குமூலத்தை ஒரே முறை பெற்று, அன்றே வழக்குப் பதிந்து, அதன் பிரதியை இலவசமாக அளித்து, படத்தை அகற்றக் கோரும் அறிவிப்பைப் பாதிக்கப்பட்டவர் சார்பில் தாமே அனுப்ப வேண்டும். புலனாய்வு அதிகாரியைத் தவிர வேறெவரும் அப்படத்தைக் காணலாகாது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானோரின் பெயரை மறைக்கும் பாரதிய நியாய சன்ஹிதா 72-ஆம் பிரிவின் பாதுகாப்பு 77, 78-ஆம் பிரிவுகளுக்கு எட்டவில்லையாதலால், இவ்வழக்குகளிலும் பெயரை மறைத்து ஆவணங்கள் தயாரிக்க அரசாணை பிறப்பிக்க வேண்டும்.

சாட்சியமென்று செல்பேசியை வாங்கி வைத்து மாதக்கணக்கில் திருப்பித் தராதிருக்கும் வழக்கம் உடனே ஒழிய வேண்டும். தையல் வேலைக்கு ஆர்டர் வருவதும், வங்கியின் ஓ.டி.பி. வருவதும், பிள்ளையின் பள்ளியிலிருந்து செய்தி வருவதும் அந்த ஒரே கருவியில்தான். அதைப் பறிகொடுத்தவள் தண்டிக்கப்பட்டவளாகவே தன்னைக் கருதுகிறாள். தடயவியல் முறைப்படி பிரதி எடுத்துக்கொண்டு, குறித்த தவணைக்குள் கருவியைத் திருப்பித் தர வேண்டும்.

வயது வந்த பெண்ணின் புகாரை அவள் சம்மதமின்றித் தந்தைக்கோ கணவருக்கோ தெரிவிப்பதையும் தடை செய்ய வேண்டும். ‘வீட்டாரை அழைத்து வா’ என்ற சொல் அதிகாரிக்குச் சாதாரணமாகப் படலாம். அவளுக்கோ மிரட்டியவனின் மிரட்டலே நிறைவேறிவிட்டது போன்றது அது. கடன் செயலிகளின் அடாவடியால் திரித்த படங்கள் உறவினருக்கெல்லாம் அனுப்பப்பட்ட ஆடவர்களும் எங்களிடம் வந்ததுண்டு. அவர்களுக்கும் இதே மரியாதை உரியது.

181 மகளிர் உதவி எண், ஒருங்கிணைந்த சேவை மையம் ஆகியவற்றின் விவரமும், வருமான வரம்பின்றிப் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டென்ற செய்தியும் புகார் ரசீதிலேயே அச்சாக வேண்டும்.

இவற்றைச் சுற்றறிக்கையாக எல்லா நிலையங்களுக்கும் அனுப்பி, எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் எங்களுக்குத் தெரிவிக்குமாறும், நேரில் விளக்குவதற்கு எங்கள் பிரதிநிதிகளுக்கு ஒரு சந்தர்ப்பம் அளிக்குமாறும் பணிவுடன் வேண்டிக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
தலைவரும் செயலாளரும், நிர்வாகக் குழுவினருக்காக.