பார வண்டியும் படுதாவும்

விளைந்த பொருளைச் சேதமின்றிச் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பதும் விவசாயத்தின் ஓர் அங்கமேயாகும். உழவு, விதை, எரு, நீர்ப்பாய்ச்சல் ஆகியவற்றில் மிகுந்த கவனம் செலுத்தும் குடியானவர்களிற் பலர், இக்கடைசி அங்கத்தை மட்டும் வண்டியோட்டியின் பாடென்று விட்டுவிடுகின்றனர். நான்கு மாதம் பாடுபட்டு விளைத்ததை ஒரு மணி நேரப் பிரயாணத்தில் பாதி விலைக்கு இறக்கிக்கொள்வது விவேகமாகாது. பார வண்டிக்கு ஏற்ற மேல்மூடி, பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கத்தக்க சாமான் அன்று; வண்டியோடு சேர்த்தே வாங்கி, வண்டிக்கு அளவெடுத்துப் பொருத்தவேண்டிய உறுப்பு என்பதே என் அபிப்பிராயம்.

நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். மாட்டு வண்டியின் மேல் மூங்கிலை வளைத்துப் பாய் வேய்ந்து கூண்டு கட்டினார்கள். அதன் வளைவு மழை நீரை வழியச் செய்தது. இருபுறமும் காற்றோட்டமும் இருந்தது. 2005 ஆம் ஆண்டில் டாட்டா ஏஸ் என்னும் சிறு பார வண்டி வெளிவந்த பின், குட்டியானை என்று ஜனங்கள் அழைக்கும் அவ்வகை வண்டிகளும், அவற்றினும் பெரிய பிக்கப் வண்டிகளும் கிராமந்தோறும் பெருகிவிட்டன. இவற்றின் பாரத்தட்டு பெரும்பாலும் திறந்ததாகவே வருகிறது. மூடியைப் பற்றிய நினைவு மழை வந்த பிறகே வருகிறது. அப்போது கைக்கு அகப்பட்ட கிழிந்த சீலையொன்றை மூட்டைகளின் மேல் விரித்து, நாலு முடிச்சுப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள்.

இதனால் விளையும் நஷ்டத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். சர்க்கார் கொள்முதல் விதிப்படி நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேற்படலாகாது. மழை மிகுந்த சில பருவங்களில் மத்திய சர்க்கார் இவ்வரம்பைத் தளர்த்தியதுண்டு. ஆயினும் அதை எதிர்பார்த்து நெல்லை நனையவிடுதல் தகாது. 40 கிலோ மூட்டைகள் 25 ஏற்றிய வண்டியில் 1,000 கிலோ நெல் இருக்கும். 17 சதவீத ஈரத்திலுள்ள அந்நெல் 20 சதவீதத்துக்கு ஏறுவதற்கு 38 லிட்டர் நீர் போதும். 8 அடி நீளமும் ஐந்தரை அடி அகலமும் உள்ள பாரத்தட்டின் மீது ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தாலே சுமார் 40 லிட்டர் நீர் விழுகிறது. அவ்வளவும் நெல்லில் இறங்குவதில்லை என்பது உண்மையே. ஆனால் மேலடுக்கு மூட்டைகள் முழுதும் நனைந்துவிடும். ஈரமானியில் வைக்கும் மாதிரி அம்மூட்டையிலிருந்து எடுக்கப்பட்டால் வண்டி முழுவதற்கும் சங்கடம் உண்டாகும். 2025-26 பருவத்துக்கு மத்திய சர்க்கார் குறித்த சாதாரண ரக நெல்லின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு ரூ. 2,369. ஆகவே ஒரு வண்டி நெல் ரூ. 23,690 பெறுமானமுள்ளது. அதனைத் திருப்பிக் கொண்டுவந்து உலர்த்தும் கூலி, இரண்டாம் முறை வாடகை, முளைவிட்டுக் கெட்ட தானியம் ஆகியவற்றைக் கூட்டிப் பார்ப்பவர் படுதாவின் விலையைப் பெரிதென்று சொல்லமாட்டார்.

"வருஷத்தில் மழை சில நாட்களே, அதற்காக இச்செலவு எதற்கு?" என்று கேட்போர் உண்டு. மழை பெய்யும் நாட்களும் நம் அறுவடை நாட்களும் ஒன்றாக வருவதை அவர்கள் கவனிப்பதில்லை. தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை ஜில்லாக்களில் குறுவை நெல் களத்துக்கு வரும் புரட்டாசி, ஐப்பசி மாதங்களிலேயே வடகிழக்குப் பருவமழையும் தொடங்குகிறது. மழையில்லாத நாட்களிலும் வெயில், தூசி, காற்று ஆகிய மூன்றும் கீரை, காய், பூ முதலியவற்றுக்குச் சேதம் விளைவிக்கின்றன.

இனி மூடியைத் தேர்ந்தெடுக்கும் விதத்தைக் கூறுவோம். அமெரிக்கா முதலிய தேசங்களில் பிக்கப் வண்டியின் பக்கப் பலகைக்குச் சமமாகப் படியும் மடக்கு மூடிகளும் சுருட்டு மூடிகளும் பெருவழக்காக உள்ளன. பார்வைக்கு அழகாயிருப்பதால் அவற்றை நம்மவர் சிலர் விரும்புகின்றனர். அவை பயணச் சாமான்களையும் கருவிகளையும் காக்கத் தக்கவை. நமது பாரமோ பக்கப் பலகைக்கு மேல் எழுவது. வாழைத்தாரும் வைக்கோலும் அம்மூடிக்குள் அடங்கா. நமக்கு ஏற்றது, கழற்றி மாட்டத்தக்க இரும்பு வளைவுகளின் மேல் போர்த்தும் படுதாவே.

படுதாவில் மூன்று வகை எளிதிற் கிடைக்கின்றன. முதலாவது பாலித்தீன் நெசவுத் தார்ப்பாய். இலேசானது, விலை குறைவானது, நீர் புகாதது; எனினும் வெயிலில் நாளடைவில் நைந்துபோகும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 7903 முத்திரையைப் பார்த்து வாங்குக. சதுர மீட்டருக்கு 250 கிராமுக்குக் குறையாதது சிலாக்கியம். இதனைக் கடையிலேயே சோதிக்கலாம்: 12 அடிக்கு 18 அடி தார்ப்பாய் சுமார் 20 சதுர மீட்டராகும், தராசில் அது 5 கிலோ நிற்கவேண்டும். மூன்றரைக் கிலோ நின்றால் சொல்லப்பட்ட தரம் அதுவன்று. இரண்டாவது மெழுகு ஏற்றிய கித்தான். இது சற்றே மூச்சு விடும் துணியாதலால் காய்கறிக்கு உகந்தது. ஈரத்தோடு மடித்து வைத்தால் மக்கிவிடும். மூன்றாவது பி.வி.சி. பூசிய துணி. கனமும் விலையும் அதிகம்; நெடுநாள் உழைக்கும். வாரந்தோறும் வெளியூர் செல்லும் வண்டிக்கு இதுவே முடிவில் சிக்கனமானது. எவ்வகையாயினும் வெளிர் நிறமே நன்று. கறுப்பு நிறம் வெப்பத்தை மிகுதியாக உறிஞ்சி உட்பொருளை வாட்டும்.

மேற்சொன்ன அளவுள்ள பாரத்தட்டுக்கு 5 வளைவுகளை 2 அடிக்கு ஒன்றாக நிறுத்தலாம். அரைவட்டமாக வளைத்தால் ஒவ்வொன்றின் மேற்சுற்றும் சுமார் எட்டே முக்கால் அடி வரும். 12 அடி அகலப் படுதா அதன்மேல் கிடந்து, பக்கத்துக்கு ஒன்றரை அடி கீழே தொங்கும். 18 அடி நீளம் இருந்தால் முன்னும் பின்னும் ஐந்தைந்து அடி மடித்துக் கட்டக் கிடைக்கும். வளைவுகளை உச்சியில் ஒரு நெடுங்கம்பியாலும், இருபுறமும் ஒவ்வொரு கம்பியாலும் இணைத்தல் அவசியம். இணைக்காவிடில் படுதா நடுவே தொய்ந்து குளமாகும். ஒரு சதுர மீட்டரில் 5 சென்டிமீட்டர் நீர் தேங்கினால் அதன் பாரம் 50 கிலோ. இரும்பின் கூர்முனைகளிலும் மரையாணித் தலைகளிலும் பழைய டயர் டியூப்பைச் சுற்றுக. படுதா கிழிவது பெரும்பாலும் அவ்விடங்களிலேயே.

போர்த்தும்போது கவனிக்கவேண்டியது முக்கியமாக ஒன்றுண்டு. படுதாவின் ஓரம் பக்கப் பலகைக்கு வெளியே தொங்கவேண்டும். பலகைக்கு உட்புறம் செருகிவிட்டால் மேலே விழும் நீரெல்லாம் வழிந்து மூட்டைகளின் அடியிற் சேரும், மூடியும் பயனில்லை. முதலில் முன்பக்கத்தைக் காற்றுப் புகாதபடி இறுக்கி, அடுத்துப் பக்கங்களையும் கடைசியிற் பின்பக்கத்தையும் கட்டுக. ஓரக் கண்களில் மட்டும் கட்டினால் போதாது. மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு போட்டுக் கொக்கிகளிற் பிணைக்கவேண்டும். வேகம் இரட்டித்தால் காற்றின் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 30 கிலோமீட்டரில் அசையாதிருந்த படுதா 60 கிலோமீட்டரில் உப்பிப் படபடத்துக் கண்ணோடு கிழிவதன் காரணம் இதுவே. புறப்பட்டுச் சில கிலோமீட்டர் சென்றதும் நிறுத்தி, தளர்ந்த கயிறுகளை மீண்டும் இறுக்குவது நல்ல வழக்கம். பின்விளக்குகளும் நம்பர் பலகையும் மறையலாகா.

காய்கறி ஏற்றுவோர் மற்றொன்றை நினைவிற் கொள்ளவேண்டும். பறித்த காய்க்கும் சுவாசம் உண்டு; அதனால் வெப்பமும் ஈரமும் வெளிப்படுகின்றன. ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளியோ முருங்கைக்காயோ கொண்டு செல்பவர், நெல்லுக்குப் போல் நாற்புறமும் அடைத்துவிட்டால் காய் வெந்து அழுகும். மழையில்லாதபோது பக்கங்களை அரை அடி தூக்கிக் கட்டி, பின்புறத்தின் மேற்பாகத்தைத் திறந்து வைக்கவேண்டும். ஈர நெல்லையும் நெடுநேரம் இறுக மூடி வெயிலில் நிறுத்தலாகாது. பூச்சிமருந்தோ உரமோ மூடிய படுதாவை உணவுப் பொருளின் மேல் ஒருபோதும் போர்த்தலாகாது. அதற்கென வேறொன்று வைத்துக்கொள்க.

சட்டத்தையும் அறிந்திருத்தல் நலம். 2019 ஆம் ஆண்டில் திருத்தப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டப்படி, பாரம் பக்கவாட்டில் வண்டியை மீறி நீட்டினாலும் அனுமதித்த உயரத்தைக் கடந்தாலும் ரூ. 20,000 அபராதம் உண்டு. ஒழுங்கான வளைவுக் கூண்டு அவ்வரம்பை ஓட்டிக்கும் ஏற்றுவோர்க்கும் கண்முன் காட்டிக்கொண்டேயிருக்கும். வண்டியோடு நிலையாகப் பற்றவைத்துப் பெட்டி போல் அடைக்க விரும்புவோர், அது பதிவுப் புத்தகத்திற் கண்ட வடிவத்தை மாற்றுவதாகுமாதலால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை முதலிற் கலந்துகொள்ளவேண்டும்.

சொந்த வண்டி உள்ளவர்க்கே இவையெல்லாம் என்று எவரும் எண்ணவேண்டாம். வாடகை வண்டி அமர்த்துவோரே மிகுதி. வாடகை பேசும்போதே, "படுதா இருக்கிறதா, கிழிசல் உண்டா, வளைவு உண்டா?" என்று விசாரித்து, கண்ணால் கண்ட பின் மூட்டை ஏற்றுக. பத்துப் பேர் இவ்வாறு கேட்டால் பதினோராம் வண்டிக்காரர் கேளாமலே படுதா வாங்கிவிடுவார். ஏழைக் குடியானவர்கள் நலனுக்காகக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் சில நல்ல படுதாக்களை வாங்கிச் சொற்ப வாடகைக்குக் கொடுப்பது மிக்க பிரயோஜனமாகும். கிராம அதிகாரிகள் அறுவடைக்கு முன்பே இதனைச் சங்கத்தாரிடம் எடுத்துரைப்பார்களாயின், கொள்முதல் நிலைய வாயிலில் வண்டிகள் வரிசையாக மழையில் காத்து நிற்கும் நாட்களில் அதன் பலனைக் காண்பார்கள்.

ஆடி மாதத்திலேயே படுதாவை வெளியே எடுத்து விரித்துப் பாருங்கள். ஓட்டையை அன்றே அடைத்து, கழுவி, நன்கு உலர்த்தி, எலி புகாத இடத்தில் தரைக்கு மேல் மடித்து வையுங்கள். ஐப்பசி மேகம் திரண்ட பின் கடைக்கு ஓடுபவர் கிடைத்த சீலையைச் சொன்ன விலைக்கு வாங்கவேண்டியதுதான். அச்செலவைத் தவிர்ப்பது நம் கையில் உள்ளது.